தேத்தண்ணி பன்னிரண்டு

கல்யாண மண்டபங்களில் கேட்பார்கள்:
"தம்பி, இதுவும் கிற்றார்தானே,
ஏன் ரெண்டு கம்பி குறையுது?"
காசு காணல்ல அண்ணன் என்பேன்.
பாதி உண்மை.

வாரநாட்களில் நான் வீடுவீடாய் மீற்றர் வாசிக்கிறவன்.
சனி இரவு வாசிப்பது வேறு.
இரண்டையும் யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை,
பில் கூடினால் தவிர.

ஐந்து கம்பி தேவையில்லை.
நாலிலேயே ஒன்று சும்மா இருக்கிறது.
புதுக்கம்பி பூட்டாதே,
சீமெந்துத் தரையில் கரண்டி விழுந்த மாதிரிப் பேசும்.
கல்லடி உப்புக்காற்றில் ஆறு மாதம் கிடந்து
விரல் எண்ணெய் ஊறி, மினுக்கம் செத்த பிறகுதான்
கம்பி பொய் சொல்வதை நிறுத்தும்.
துரு ஏறினால் வினாகிரியில் அவி.
(மதனரூபி இதற்கென்று ஒரு சட்டி ஒதுக்கித் தந்தாள்.
இனி அதில் மீன் ஆக்கேலாது என்று
ஒழுங்கை முழுக்கச் சொல்லியும் வைத்தாள்.)

அம்ப் என்றால் பாரம் இருக்கவேணும் என்பது
ரஜீவகாந்தனின் கட்சி.
அவன் தூக்குவதில்லை. பாடகன்.
என்னுடையது எங்கோ ஒரு தேவாலயம் கழித்து விற்றது.
கிழிந்த கூம்பைக் கல்முனை இஸ்ஸதீன் காக்கா
பசை வைத்து ஒட்டித் தந்தார்:
"தாழ்ந்த சத்தம்தானே, கிழிசல் தெரியாது."
தடித்த கம்பியின் மூன்றாம் கட்டையில் தெரியும்.
தீப்பெட்டிக்குள் ஒரு வண்டு.
சுருதியை மாற்று என்றால்
ரஜீவகாந்தன் தொண்டையைத் தடவிக் காட்டுகிறான்.

அன்றைக்குக் களுவாஞ்சிக்குடி.
ஓட்டோவின் பின்சீற்றில் அம்ப், அதன் மடியில் நான்.
பாலத்தடியில் புதுக் கீபோட்காரன் கேட்டான்,
கொழும்புப் பொடியன்:
"உங்கட ஊர் மீன் பாடுமாமே?"
டெல்றிக் ராகல் ட்ரம் குச்சியால் காது குடைந்தபடி சொன்னான்:
"பாடாது. பேஸ் வாசிக்கும்.
அதான் ஒருத்தருக்கும் கேக்கிறல்ல."
ஆரையம்பதி, தாழங்குடா, கிரான்குளம்,
செட்டிபாளையம் தாண்டியும் சிரித்தார்கள்.

அதில்தான் எனக்கு விசர் ஏறியிருக்கவேண்டும்.
மூன்றாவது பைலாவின் நடுவில்
இடக்கையைக் கம்பிகள் மேல் படுக்கவைத்தேன்.
விரலை மட்டும் அசைத்தேன், வாயால் சூயிங்கம் மென்றேன்.

ஒன்றும் நடக்கவில்லை.
மாப்பிள்ளையின் மாமா லேஞ்சியைச் சுழற்றினார்.
பொம்பிளை செருப்பைக் கழற்றிவிட்டு ஆடினாள்.
மிக்சர்காரன் போனில் யாரோடோ கோபம்.
அறுபத்தினாலு தட்டு எண்ணினேன்.
பிறகும் ஒரு அறுபத்தினாலு.
டெல்றிக் மட்டும் ஒற்றைப் புருவத்தால்
என் தாயைக் கேட்டான்.

எட்டு வருசம்.
நாரி நோவு, ஜெனரேற்றர் உறுமல்,
மைக்கில் உதடு பட்டு வாங்கிய கரண்ட்,
விடியப்புறம் இரண்டு மணிக்கு ஆறிப்போன புரியாணிப் பார்சல்.
அதெல்லாம் இல்லாமலும் ஆடுகிறார்கள்.

அப்போதுதான் குசினிக் கதவு திறந்தது.
தங்கநேசம் அக்கா, சமையலுக்கு வந்தவ,
கையில் தட்டம், அதில் பன்னிரண்டு கோப்பை.
மேடைக்கருகே வந்து திகைத்து நின்றா.
"முடிஞ்சுதெண்டெல்லோ ஊத்தினேன் மனே.
செவர் நிண்டு போச்சு,
கிடாரத்து மூடி ஆடுறதும் நிண்டுது."
பிறகு ரஜீவகாந்தனை மேலும் கீழும் பார்த்தா,
கண்மூடி, நரம்பு புடைக்க, உச்சத்தில் நின்றவனை.
"இவன் எப்ப கா துடங்கினவன்?"

குசினியில் இரவு முழுக்க
நான் மட்டும்தான் கச்சேரி செய்திருக்கிறேன்.

தடித்த கம்பி, மூன்றாம் கட்டை.
வண்டு கத்தியது, கத்தட்டும்.
தட்டத்தில் பன்னிரண்டு கோப்பையிலும்
சின்னச் சின்ன வளையம்.

டெல்றிக் இன்னும் என்னோடு பேசவில்லை.
தேத்தண்ணிக்குச் சீனி கூட.
ரெண்டு குடித்தேன்.